தவமணி ரெக்கோடிங் பார், தெஹியோவிட்ட

கொழும்பில் இறங்கி நான் இன்னும் முகம்கூடக் கழுவவில்லை. அதற்குள் தவமணி என் தலையில் ஒரு வேலையைக் கட்டிவிட்டாள். தெஹியோவிட்டவில் கேசட் கடை வைத்திருக்கும் அவள் தம்பியிடம் போய், "கடையை மூடிவிடு" என்று நான் சொல்ல வேண்டுமாம்.

"ஏன், உனக்கு வாய் இல்லையா?" என்றேன்.

"நீ வெளியூர்க்காரி. சொல்லிட்டு விமானம் ஏறிப் போயிருவ. நான் சொன்னா நாளைக்கும் அவன் மூஞ்சியில முழிக்கணுமே!"

நல்ல நியாயம். சட்டம் படித்தவளிடம் வாயைக் கொடுத்தது என் தப்பு.

நானும் தவமணியும் சட்டம் சொல்லிக்கொடுப்பவர்கள். நான் மதுரையில், அவள் கொழும்பில். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவள் ஆய்வுப் பட்டத்துக்காக மதுரைக்கு வந்து என் விடுதி அறையில் பாதியைப் பிடித்துக்கொண்டாள். எங்கள் ஊரில் அறிவுசார் சொத்துரிமை என்று மூச்சு வாங்கச் சொல்வதை அவர்கள் நாட்டில் புலமைச் சொத்து என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறார்கள். பெயர் எதுவானாலும் அன்றைக்கு அதைச் சீந்த ஆளில்லை. "பாட்டுக்கும் கம்ப்யூட்டருக்கும் எவண்டி கேஸ் போடப் போறான்? நிலத் தகராறு படிங்க, சோறு கிடைக்கும்" என்று மற்ற பெண்கள் கிண்டலடித்தார்கள். கணினி மென்பொருளுக்குப் பதிப்புரிமை உண்டா என்று தவமணி மூன்று அத்தியாயங்கள் எழுதி முடித்த பிறகுதான் கணினியையே நேரில் பார்த்தாள். அதுவும் ஒரு வங்கியில், செருப்பைக் கழற்றிவிட்டு, கண்ணாடிக்கு வெளியே நின்று. "இதுக்குத்தானா இவ்வளவும் எழுதினேன்?" என்று வெளியே வந்து சிரித்த சிரிப்பு இன்னும் என் காதில் இருக்கிறது.

இப்போது காலம் மாறிவிட்டது. இலங்கையில் புலமைச் சொத்துக்குப் புதுச் சட்டம் வந்திருந்தது. திருட்டு கேசட், திருட்டு சிடி விற்கும் கடைகளில் புகுந்து அள்ளிக்கொண்டு போக வேண்டிய பொலிஸ்காரர்களுக்கு அந்தச் சட்டத்தை விளக்கிச் சொல்ல ஒரு கருத்தரங்கு. நடத்துபவள் தவமணி. இந்திய அனுபவத்தைப் பேச என்னையும் அழைத்திருந்தாள். அது முடிந்த மறுவாரம் அவளுக்குப் பேராசிரியர் பதவிக்கான நேர்முகம். இந்த நிலையில் அம்மணியின் சொந்தத் தம்பி படப் பாட்டுகளை நகலெடுத்து விற்றுக்கொண்டிருக்கிறான் என்று யாராவது கண்டுபிடித்தால் எப்படி இருக்கும்?

சனிக்கிழமை காலை பஸ் ஏறினோம். "நகின்ன, நகின்ன! இஸ்ஸரஹட்ட யன்ன!" என்று நடத்துநர் கத்திக்கொண்டே இருந்தார். ஏறு, முன்னால் போ என்று அர்த்தம் என்றாள் தவமணி. முன்னால் போவதற்கு ஓட்டுநரின் மடி ஒன்றுதான் பாக்கி இருந்தது. மதுரை பஸ்ஸில் நம் காலை மிதித்தவர் நம்மையே திட்டுவார். இங்கே மிதித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். வலி என்னவோ ஒன்றுதான். என் பெட்டியை நடத்துநர் பிடுங்கி இன்ஜின் பக்கம், யாருடைய கருவாட்டு மூட்டையின் மீதோ வைத்துவிட்டார். என் கருத்தரங்கக் கட்டுரை கருவாட்டு வாசத்தோடுதான் அந்நாட்டுக் காவல்துறையின் முன் வாசிக்கப்பட்டது என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

போர்நிறுத்தம் நடப்பில் இருந்த காலம். வழியில் சோதனைச் சாவடி ஒன்றில் பஸ் மெதுவாகியது. சிப்பாய் கொட்டாவி விட்டபடி போகச் சொல்லிக் கையை அசைத்தான். பக்கத்தில் பார்த்தேன். தவமணியின் கை அதற்குள் பையைத் திறந்து அடையாள அட்டையை எடுத்து நெஞ்சோடு பிடித்திருந்தது. அடுத்த வளைவு தாண்டிய பிறகுதான் அதை உள்ளே வைத்தாள்.

அவிசாவளை தாண்டியதும் இரண்டு பக்கமும் ரப்பர் மரங்கள். ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் ஒரு சிரட்டை கட்டியிருந்தது. அப்போதுதான் தவமணி கதையைச் சொன்னாள். அப்பா பால்வெட்டுத் தொழிலாளி. அவள் எங்கள் பிளஸ் டூ மாதிரியான ஏ லெவல் பரீட்சை எழுதப் போகும் நேரத்தில் அவர் போய்விட்டார். தம்பி ராசு அப்போது சின்னவன். பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு தெஹியோவிட்ட பஜாரில் ஒரு முஸ்லிம் நானாவின் கேசட் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பிறகு நானா துணிக்கடைக்கு மாறியபோது அதை அவனே எடுத்து நடத்தினான். கம்பஸ் விடுதி, புத்தகங்கள், மதுரைக்குப் போன செலவு எல்லாம் அந்தக் கடையிலிருந்து வந்ததுதான்.

"அதாவது, பதிப்புரிமைச் சட்டத்தை நீ படிச்சதே பதிப்புரிமையை மீறின காசுலதான்?" என்றேன்.

"மெதுவாப் பேசு" என்று என் தொடையில் கிள்ளினாள். "பஸ்ல யாருக்காவது தமிழ் தெரியும்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

தெஹியோவிட்டவில் இறங்கியபோது தூறல். பஜார் ஒரு தெருதான்: மருந்துக்கடை, பேக்கரி, துணிக்கடை, சைவக்கடை. அவற்றுக்கு நடுவே பச்சைப் பலகையில் மும்மொழியிலும் கொட்டை எழுத்தில் 'தவமணி ரெக்கோடிங் பார்' என்று இருந்தது. பார் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடைக்கு இந்த நாட்டில் அப்படித்தான் பெயராம். தவமணிக்குத் தூக்கிவாரிப்போட்டதோ வேறு காரணத்தால். இவள் இரண்டு வருடமாக ஊர்ப் பக்கமே வரவில்லை. தம்பிதான் மாதாமாதம் கொழும்புக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவான். கடைக்குத் தன் பெயரை வைத்திருக்கிறான் என்பது அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"எப்புடி போர்ட்டு?" என்று கேட்டுக்கொண்டே ராசு ஓடி வந்தான். ஒல்லி உடம்பு, பெரிய மீசை, சட்டைப் பையில் கேசட் நாடாவைச் சுற்றுவதற்கென்று ஒரு பென்சில். "அக்காகிட்ட சொல்லாம வச்சேன். வாங்க டீச்சர், வாங்க. அக்கா ஒங்களப் பத்திச் சொல்லாத நாளு இல்லீங்க. ஐயோ, பொட்டி கருவாடு நாறுது!"

சொல்ல வேண்டியதை அப்போதே சொல்லியிருக்கலாம். அவன் அதற்குள் பேக்கரிக்கு ஓடி, சூடான மாலு பாணும் பிளேன்டீயும் வாங்கி வந்துவிட்டான். முக்கோணமாக மடித்த பாணுக்குள் மீனும் உருளைக்கிழங்கும் மிளகுக் காரத்தோடு இருந்தன. வாயில் அதை வைத்துக்கொண்டு ஒருவனுடைய பிழைப்பில் மண்ணைப் போடுவது எப்படி? சாப்பிட்டு முடித்துச் சொல்லலாம் என்று இருந்துவிட்டேன்.

வீடு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். எங்கள் ஊர் ஆட்டோவைப் போன்ற த்ரீவீலில் போனோம். பாதி மேட்டில் சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது. ஓட்டுநர் என்னைப் பார்த்து மிகவும் மரியாதையாக, "மேடம் மட்டும் கொஞ்சம் எறங்குனா போதுங்க" என்றார். என் எடையைப் பற்றி இவ்வளவு பண்பாக யாரும் பேசியதில்லை. இறங்கியதோடு விடவில்லை, தள்ளவும் வேண்டியிருந்தது. லயத்துக்குப் போய்ச் சேர்ந்து காலைக் கழுவும்போது கணுக்காலில் கறுப்பாக ஏதோ தொங்கியது. அட்டை! நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். ராசுவின் மனைவி புஷ்பம் நிதானமாக வந்து உப்பைத் தடவி அதை எடுத்துவிட்டு, "ஒண்ணுதான் டீச்சர். ஒங்களுக்கு நல்ல ரத்தம் போல, நல்லாத்தான் குடிச்சிருக்கு" என்று என்னைத் தேற்றினாள்.

புஷ்பம் அந்தத் தோட்டத்திலேயே பால் வெட்டுகிறவள். குரல் மட்டும் பஸ் ஹாரன். அன்று மத்தியானம் சிவப்பரிசிச் சோறு, பலாப்பிஞ்சுக் கறி, பருப்பு, மாசிக் கருவாடு இடித்த சம்பல். மூக்கு முட்டத் தின்றேன். தவமணி சோற்றைப் பிசைந்தபடி கண்ணால் எனக்குச் சைகை காட்டினாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "ராசு, உன் கடையைப் பத்தி..." என்று ஆரம்பித்தேன்.

"டீச்சருக்குக் கடை புடிச்சிருச்சு பாத்தியா!" என்று அவன் மனைவியிடம் குதித்தான். "நாளைக்கு ஞாயித்துக்கெழம. வாங்க டீச்சர், அப்பத்தான் கடை கடையா இருக்கும்."

தவமணி தலையில் அடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலைச் சாப்பாடு பாணும் பருப்புக் கறியும். எங்கள் ஊரில் காய்ச்சல்காரனுக்குத்தான் பிரெட் வாங்குவோம். இங்கே நல்ல உடம்போடு இருக்கிறவர்கள் முழுப் பாணைப் பிய்த்துக் கறியில் முக்கித் தின்கிறார்கள். நாலு துண்டு தின்ற பிறகு மதுரை இட்லி மீது எனக்கிருந்த கர்வம் கொஞ்சம் தளர்ந்தது. காப்பிதான் இல்லை. அந்தத் துயரத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் கட்டுரை இதோடு நின்றுவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஏன் விசேஷம் என்று கடைக்குப் போனதும் புரிந்தது. அன்றைக்குப் பாட்டு வாங்க வந்தவர்கள் குறைவு. பேச வந்தவர்கள்தான் அதிகம். இந்தத் தோட்டங்களிலிருந்து குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போன பெண்கள் நிறைய. அவர்களுக்கு வீட்டார் கேசட்டில் பேசி அனுப்புகிறார்கள். தொலைபேசியில் கத்திவிட்டு வைப்பதைப் போலல்ல, இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் போட்டுக் கேட்கலாம் இல்லையா? கடையின் பின்னால் முட்டை அட்டைகளைச் சுவரெங்கும் ஒட்டி ஒரு சின்ன அறை செய்திருந்தான் ராசு. குடும்பம் குடும்பமாக உள்ளே போய் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள்.

லெச்சுமி என்ற அம்மாள் வந்தார். மகள் குவைத்தில் இருக்கிறாள். பேச்சு இப்படிப் போயிற்று: "கண்ணு, நாங்க எல்லாம் நல்லா இருக்கோம். நீ நல்லா சாப்புடு. சின்னவன் ரெண்டாம் வகுப்பு போறான். ஒன் செவப்புச் சட்டைய அவன் போட்டுக்கிட்டுத் தூங்குறான்..." அதோடு குரல் உடைந்தது. ராசுவின் விரல் சட்டென்று பொத்தானை அமுக்கியது. இன்னொரு இயந்திரத்திலிருந்து ஒரு படப் பாட்டை ஓடவிட்டான். பாட்டு பதிவாகிக்கொண்டிருக்க, லெச்சுமியம்மாள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பாட்டு முடிந்ததும் தெளிந்த குரலில், "அப்புறம், மாடு கன்னு போட்டுருச்சு" என்று தொடர்ந்தார்.

"எல்லாருக்கும் இப்படித்தானா?" என்று கேட்டேன்.

"ஆமாங்க டீச்சர். அழுவ வந்தா பாட்டு. அங்க அதுகள் அழுகையக் கேட்டா தாங்காதுல்ல?" என்றான் ராசு. பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆனா, போன வருசம் ஒரு புள்ள திரும்பி வந்து சொல்லுச்சு, பாட்டு வந்தாலே அம்மா அழுவுதுன்னு தெரியுமாம். நல்ல டூயட்டா போடுவேன், அது அங்க கேட்டுக் கேட்டு அழுதுச்சாம்" என்றான்.

பதிப்புரிமை பற்றிப் பத்து வருடத்துக்கும் மேலாகப் பேசுகிறேன். அந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவில் இதை வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. திரும்பி தவமணியைப் பார்த்தேன். அவள் வாசல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு மூக்கை உறிஞ்சினாள். இன்றைக்கும் அந்தப் பேச்சை எடுக்கப் போவதில்லை என்று இருவருமே முடிவு செய்துவிட்டோம்.

அப்படியே விட்டிருப்போம். நான்தான் சும்மா இராமல் அலமாரியிலிருந்து ஒரு கேசட்டை எடுத்துப் பார்த்தேன். மதுரைக்கு வாங்கிக்கொண்டு போகலாமே என்று ஓர் ஆசை! உறையின் பின்பக்கம் அச்சடித்திருந்ததைப் படித்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன்.

'பதிப்புரிமை: கலாநிதி தவமணி, சட்ட விரிவுரையாளர், கொழும்பு.'

அடுத்த கேசட்டை எடுத்தேன். அதிலும் அப்படியே, முனைவருக்கு அவர்கள் சொல்லும் 'கலாநிதி' உட்பட. முருகன் பக்திப் பாடல்கள், காதல் சோகப் பாடல்கள், சிங்கள பைலா, நகைச்சுவைத் துணுக்குகள் என்று அந்த அலமாரியிலிருந்த சகல இசைக்கும் உரிமையாளர் என் சிநேகிதிதான்.

"தவமணி" என்றேன். "இங்க வா. கத்தாம வா."

வந்தாள், படித்தாள், கத்தினாள். "என்னடா இது? என்னடா பண்ணி வச்சிருக்க?"

ராசு மிரண்டுபோனான். "ஏன்க்கா? நீதான ரேடியோவுல சொன்ன?"

"நான் என்ன சொன்னேன்?"

"ஒவ்வொரு கேசட்டுலயும் உரிமையாளர் பேரு இருக்கணும், பேரு இல்லாதது திருட்டுன்னு. போன தைப்பொங்கலுக்கு நீ பேசுனப்ப கடையில எல்லாரும் நின்னு கேட்டோம். மறுநாளே அச்சடிக்கக் குடுத்துட்டேன். கடை ஒன் பேருலதான இருக்கு? அப்ப உரிமையாளர் நீதான? அவிசாவளையில எல்லாக் கடையிலயும் பொலிஸ் பூந்துச்சாம். அவங்க ஒருத்தனும் பேரு போடல. நம்ம கடைதான் சட்டப்படி இருக்குன்னு நான் நெஞ்ச நிமித்திக்கிட்டு இருக்கேன்."

இதைக் கேட்டுச் சிரிப்பதா, அழுவதா? அக்கா சொன்ன ஒரு வாக்கியத்தை இந்த நாட்டில் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவன் இவன் ஒருவன்தான். விளைவு, பதிப்புரிமைச் சட்டத்தின் நிபுணர் என்று பேர் வாங்கியவள் ஊர்ப் பாட்டெல்லாம் தன்னுடையது என்று அச்சில் உரிமை கொண்டாடிக்கொண்டிருக்கிறாள்! கருத்தரங்குக்கு வரப்போகும் பொலிஸ்காரர்களில் ஒருவர் கையில் ஒரே ஒரு கேசட் கிடைத்தால் போதும். நேர்முகமும் வேண்டாம், பதவியும் வேண்டாம்.

தவமணி ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு விதித்த வேலையை அவளே செய்தாள். உரிமையாளர் என்றால் பாட்டை உருவாக்கியவர், அவரிடம் அனுமதி வாங்கியவர், நகலெடுத்து விற்பவர் அல்ல என்று மெதுவாக விளக்கினாள். இத்தனை வருடமாக வகுப்பில் சொல்வதைத்தான் சொன்னாள். குரல்தான் வகுப்புக் குரலாக இல்லை.

ராசு முழுவதையும் கேட்டான். கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "இதுனால ஒனக்குப் பெரச்சனையா?"

"ஆமாடா."

"ஹரி" என்றான். சரி என்பதற்கு அவர்கள் சொல்லும் சிங்களச் சொல். அவ்வளவுதான். என் கடை என்ன ஆகும், நான் என்ன செய்வேன் என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டுமே! எழுந்து போய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, அலமாரியிலிருந்து கேசட்டுகளை எடுத்து அரிசிச் சாக்கில் போட ஆரம்பித்தான். இவன் சண்டை போட்டிருந்தால் எங்கள் இருவருக்கும் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். எனக்கு அவன் மீது கோபம் கோபமாக வந்தது.

திங்கட்கிழமை விடியும்போதே மழை. மழையில் பால் வெட்ட முடியாது என்பதால் புஷ்பமும் எங்களோடு கடைக்கு வந்தாள். லெச்சுமியம்மாள் தன் கேசட்டை வாங்க வந்தவர், காலியான அலமாரியைப் பார்த்து, "என்னா தம்பி, சாவு வீடு மாதிரி இருக்கு?" என்றார்.

ராசு அக்காவைப் பார்த்தான். "பேச்சு கேசட்டு? அதுவும் கூடாதா?"

"பேச்சு அவங்களோடது. தாராளமாப் பதியலாம்" என்றாள் தவமணி. "பாட்டுதான் கூடாது."

"பாட்டு இல்லாட்டி நான் அழுவுறது அவளுக்குக் கேக்குமே" என்றார் லெச்சுமியம்மாள். "கேட்டா அவ அங்க சோறு திங்க மாட்டா. அதுக்கு ஒங்க சட்டத்துல என்னா இருக்கு மகளே?"

கிண்டலாகக் கேட்கவில்லை, படித்த பெண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்று நிஜமாகவே நம்பிக் கேட்டார்.

"நான் பாடட்டுமா?" என்றாள் புஷ்பம்.

"ஐயோ!" என்று அலறினான் ராசு. "அதுக்கு அழுகையே பரவால்ல."

"கும்மிப் பாட்டுக்கு யாரு கேஸு போடப் போறா? மாரியம்மனா?" என்று கேட்டுவிட்டு அவள் மைக் முன்னால் போய் நின்றாள். லெச்சுமியம்மாள் மகளிடம் பேசப் பேச, குரல் தழுதழுக்கும் இடம் வந்ததும் புஷ்பம் எடுத்தாள் ஒரு கும்மி. சுருதியும் இல்லை, தாளமும் இல்லை. முட்டை அட்டை ஒன்று சுவரிலிருந்து கழன்று விழுந்தது. லெச்சுமியம்மாள் அழுகையை மறந்து விழுந்து விழுந்து சிரித்தார். "ஏய், இந்தக் கழுத பாடுறதக் கேளு கண்ணு!" என்று அவர் மகளிடம் சொன்னதும் சேர்ந்தே பதிவாயிற்று. எதையும் அழிக்க வேண்டாம், அப்படியே அனுப்பு என்று சொல்லிவிட்டார்.

ஆனால் ஒரு சிரிப்பில் ஒரு பிழைப்பு நடக்காது. செவ்வாய்க்கிழமை நாங்கள் கொழும்புக்குக் கிளம்பியபோது ராசுவும் ஒரு முழுப் பலாப்பழத்தைத் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினான். "கடையில என்னாங்க வேல இருக்கு? அக்கா பேசுறத நான் ஒரு நாளும் நேர்ல கேட்டதில்ல" என்றான். பலாப்பழத்துக்கும் சேர்த்து நடத்துநர் முன்னால் போகச் சொன்னார்.

கருத்தரங்கு மறுநாள். மண்டபம் முழுக்கக் காக்கிச் சட்டைகள். முன்வரிசையில் பெரிய அதிகாரிகள், மேடையில் இவளுடைய பல்கலைக்கழகத்துப் பெரியவர்கள். அடுத்த வாரம் நேர்முகத்தில் உட்காரப் போகிறவரும் அவர்களில் ஒருவர். இஸ்திரி போட்ட சட்டையுடன் ராசு கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்திருந்தான். ஏன் அங்கே என்று கேட்டதற்கு, "இங்க இருந்தாத்தான் அக்கா என்னப் பாத்து சிரிக்காது" என்றான்.

நான் கருவாட்டு வாசத்தோடு என் கட்டுரையை வாசித்து முடித்து, எனக்குச் சிங்களத்தை மொழிபெயர்த்துச் சொல்லும் பெண்ணின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். தவமணி ஆங்கிலத்தில் பேசினாள். தண்டனைகள், தேடுதல் ஆணை, சான்றுகள் என்று எல்லாம் சரியாகப் போயிற்று. பிறகு கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

"ஒரு ரப்பர் தோட்டம், பக்கத்தில் ஒரு கேசட் கடை என்று வைத்துக்கொள்வோம்" என்றாள். "நீங்கள் சோதனை போடுகிறீர்கள். கேசட்டெல்லாம் நகல். அதை நடத்துபவன் அப்பா இறந்தபோது பள்ளிக்கூடத்தை விட்டவன். அந்த வருமானத்தில் அவன் அக்காவைப் படிக்க வைத்தான். சட்டப்படி அவன் செய்தது குற்றம். நீங்கள் நடவடிக்கை எடுக்கத்தான் வேண்டும். ஆனால் உள்ளே போகும்போது கதவை உதைக்காதீர்கள். அவனை அடிக்காதீர்கள். முதலில் அவனோடு பேசுங்கள். சட்டம் இன்னதென்று அவனுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்ல வேண்டியவர்கள் வானொலியில் பேசிவிட்டுப் போயிருப்பார்கள்."

முன்வரிசை அதிகாரி ஒருவர் புன்னகையோடு கையை உயர்த்தினார். "நல்ல உதாரணம், மேடம். வகுப்புக்காகக் கற்பனை செய்ததுதானே?"

ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஆமாம் என்று சொல்லடி, சொல்லித் தொலையடி என்று மனதுக்குள் கெஞ்சினேன்.

"இல்லை" என்றாள் தவமணி. "அந்தக் கடை தெஹியோவிட்டவில் இருந்தது. இரண்டு நாளைக்கு முன்புதான் மூடினோம். அந்த அக்கா நான். நடத்தியவன் என் தம்பி. இதோ, கடைசி வரிசையில் இருக்கிறான்."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. ராசுவுக்கு ஆங்கிலம் தெரியாது. அவன் காதில் விழுந்தது தெஹியோவிட்ட என்ற சொல் ஒன்றுதான். கண்ணில் பட்டது தன்னை நோக்கி நீண்ட அக்காவின் கை, அதைத் தொடர்ந்து திரும்பிய அத்தனை காக்கிச் சட்டைகள். அவன் முகம் வெளுத்தது. என்ன நடந்திருக்கிறது என்று அவனாக ஒரு கணக்குப் போட்டுக்கொண்டான். எழுந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, இரண்டு கைகளையும் கூப்பி, முன்வரிசை அதிகாரியைப் பார்த்துச் சிங்களத்தில் ஏதோ சொன்னான். குரலில் நடுக்கமே இல்லை.

பக்கத்துப் பெண்ணைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கண்கள் கலங்கியிருந்தன. நான் அவள் முழங்கையைத் தொட்டேன்.

"எல்லாம் நான் செய்தது ஐயா, என்னைக் கொண்டுபோங்க. அக்காவுக்கு இதுல ஒண்ணுமே தெரியாது, அப்படீன்னு சொல்றார்" என்றாள்.